நாய் பிழைத்த கணக்கு

1

பத்தொன்பது மணி நேரம். ஒரு கொலைகாரரைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இருந்த அவகாசம் அவ்வளவுதான். கொலையைச் செய்ததே நாங்கள்தான் என்பது சங்கடத்தைக் கொஞ்சம் கூட்டியது.

இந்தக் கதை அங்கிருந்துதான் வந்தது. நானாகக் கற்பனை செய்யவில்லை. அதற்கு என் அலுவலகத்தில் வேறு இருவர் இருக்கிறார்கள். நான் வேதியியல் படித்தவள். ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு அறிவியல் ஆலோசகர். வாரம் ஒரு கொலை. யாரும் அதிகம் அழமாட்டார்கள். சலவைக்கடை நடத்தும் ஓர் அக்கா, துணியில் இருக்கும் கறையைப் பார்த்தே கொலைகாரரைச் சொல்லிவிடுவார். சட்டை வாங்க வந்த காவல் ஆய்வாளர் நன்றி சொல்லிவிட்டு, ஒரு கையில் கைதியும் ஒரு கையில் சட்டையுமாகப் போவார்.

முதலில் கதையை வேறு மாதிரி ஆரம்பித்தேன்.

"அந்தச் சின்ன ஊரில் மழை பெய்துகொண்டிருந்தபோது, எங்கிருந்தோ ஓர் அலறல் —"

அடித்துவிட்டேன். மழையும் இல்லை, அலறலும் இல்லை. மின்விசிறி மெதுவாகச் சுற்றும் ஓர் அறையும் மூன்று நாற்காலிகளும்தான் இருந்தன. அவற்றில் ஒன்றுக்குக் கால் சரியில்லை. அது என்னுடையது.

2

தொடரின் கதைகள் எப்படிப்பட்டவை என்று சொல்லிவிடுகிறேன். அழைப்புமணி போலக் கத்தப் பழக்கிய கிளியை வைத்து, ஒருவரை அவசரமாக இறங்கவைத்து, மாடிப்படியில் உருட்டிக் கொன்றார்கள்.* இன்னொருவர், கொலை நடந்தபோது பல் வைத்தியரிடம் இருந்ததாகக் காட்டுவதற்குத் தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டார். மலையே இல்லாத ஊரில் ஒருவர் பனிச்சரிவில் செத்தார். (ஐஸ் தொழிற்சாலை.) நான்காயிரம் பேர் வாழும் ஊரில் இதுவரை அறுபத்து மூன்று கொலைகள். ஒரு குடும்பம்கூட வீட்டைக் காலி செய்துகொண்டு போகவில்லை. வாடகை குறைந்ததாகவும் தெரியவில்லை.

இயக்குநர்தான் கதையும் எழுதுகிறார். என்னிடம் அவர் கேட்பது ஒரே கேள்வி: நடக்குமா, நடக்காதா? நடக்காது என்றால் அவர் முகம் வாடிவிடும். அதனால் பெரும்பாலும், நடக்க வாய்ப்பு உண்டு என்பேன். உலகில் எதற்குத்தான் வாய்ப்பு இல்லை.

*கிளி விஷயத்தில் நடக்காது என்றுதான் சொன்னேன். மெதுவாகச் சொன்னதால் யாருக்கும் கேட்கவில்லை.

3

இனி எங்கள் தவறு.

இயக்குநருக்கு ஒரு வழக்கம் உண்டு. கொலைகாரர் யார் என்பதைக் கடைசி நாள்வரை முடிவு செய்யமாட்டார். தெரிந்துவிட்டால் அந்த நடிகர் முதல் காட்சியிலிருந்தே கண்ணை உருட்ட ஆரம்பித்துவிடுவாராம். நடிகர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு. கொலைகாரராக வந்தவரைத் தொடரில் திரும்பக் கூப்பிடுவதில்லை. சிறைக்குப் போனவர் அடுத்த வாரம் எப்படிச் சலவைக்குத் துணி போட வருவார்? ஆகவே ஒவ்வொருவரும் இயக்குநரை ஓரமாக அழைத்துப் போய், கொலை நடந்த நேரத்தில் தான் வேறு எங்கோ இருந்ததாக ஒரே ஒரு வரி வைத்துக்கொள்ளலாமா என்று கெஞ்சுவார்கள். அவர் இளகிய மனசுக்காரர். கேட்பவரில் இரண்டு மூன்று பேருக்கு வரி கொடுப்பார்.

இந்த வாரம் சந்தேகத்துக்கு உரிய ஐந்து பேருக்கும் கொடுத்துவிட்டார். எல்லாம் படமாக்கி முடிந்துவிட்டது. ஐந்து பேரும் ஐந்து இடங்களில், நல்ல சாட்சிகளோடு இருக்கிறார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைசிக் காட்சி. சலவைக்கடை அக்கா எல்லோரையும் நிற்கவைத்துக் கொலைகாரரை நோக்கி விரலை நீட்ட வேண்டும். விரல் நீளும். யார் பக்கம் என்பது விரலுக்கே தெரியாது.

இதை நாங்கள் கவனித்தபோது மதியம் மூன்று மணி.

எங்கள் அறையில் இன்னொரு எழுத்தாளர் இருக்கிறார். அவரை இரட்டை என்று கூப்பிடுவோம். காரணம் உடனே தெரிந்துவிடும்.

"எனக்கென்னவோ இது இரட்டைப் பிறவி விவகாரம்னு தோணுது சார்."

"யாருக்கு இரட்டை?"

"யாருக்கு வேணும்னாலும் வச்சுக்கலாம் சார். அதான் அதுல சௌகரியமே."

(இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. நகைச்சுவைக்காக நான் சேர்த்த ஆள் மாதிரி இருக்கிறார். எடுத்துவிட்டுப் பார்த்தேன். அறையில் இரண்டு நாற்காலிகள் ஆகிவிட்டன. உண்மையில் மூன்று இருந்தன. திரும்ப உட்காரவைத்துவிட்டேன்.)

4

பிணத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. எங்கள் தொடரிலும் அப்படித்தான்; எல்லோரும் கொலைகாரரையே தேடுவோம், பிணத்தை யாரும் விசாரிப்பதில்லை.

இந்த வாரத்துப் பிணம் ஒரு கடிகாரக்கடை முதலாளி. சட்டை வாங்க வந்த இடத்தில், தேநீரில் கலந்த நீலப்பூச் சாற்றைக் குடித்துவிட்டுச் சாய்கிறார். அந்த வேடத்தில் நடித்தவருக்கு ஐம்பத்தெட்டு வயது. இதே ஊரில் இதற்கு முன் நான்கு முறை இறந்திருக்கிறார். மீசையோடு ஒரு தடவை, மீசை இல்லாமல் ஒரு தடவை, பிறகு தாடி, பிறகு கண்ணாடி. ஒவ்வொரு தடவையும் முதல் விளம்பர இடைவேளைக்கு முன்பே போய்விடுவார். இதுவரை பேசியதில் மிக நீளமான வசனம், "யாரு, நீயா?" என்பது. அதையும் திரும்புவதற்குள் சொல்லி முடிக்க வேண்டும்.

இப்போது நேயர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, இவரைப் போன மாசமே புதைத்தோமே என்று கேட்கிறார்கள். இனி ஒட்டுவதற்கு மயிர் பாக்கி இல்லை என்று ஒப்பனைக்காரர் கைவிரித்துவிட்டார். ஆக, இது அவருடைய கடைசிச் சாவு. இதற்குப் பிறகு வேலை கிடையாது. ஆனால் உயிரோடு இருந்துவிட்டால் கதை வேறு. உயிரோடு இருப்பவர் அந்த ஊர்க்காரர். கடை வைத்திருப்பார், வம்பு பேசுவார், வாராவாரம் துணி போட வருவார். கொலைகள் அதிகமுள்ள ஊருக்கு ஆள் நிறைய வேண்டியிருக்கிறது.

பிணமாகப் படுத்தால் அவர் தூங்கிவிடுவார். குறட்டை வரும். தலையை இடது பக்கம் திருப்பிவைத்தால் நின்றுவிடும். இது ஒப்பனைக்காரருக்குக்கூடத் தெரியாது.

எனக்கு எப்படித் தெரியும்? உங்களிடம் மறைப்பதில் அர்த்தமில்லை. அவர் என் அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் படுக்கிறார்.

அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் வேலையில் சேர்ந்த அன்றே மாமா விதி போட்டுவிட்டார்.

"செட்ல நான் யாரோ, நீ யாரோ. என் அக்கா பொண்ணுன்னு தெரிஞ்சுச்சுன்னு வை, நீ சொல்ற கணக்கை ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

அதனால் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே பேருந்தில் முன்னும் பின்னுமாக உட்கார்ந்து, ஒரே நிறுத்தத்தில் இறங்கி, முன்பின் அறியாதவர்களாக நடந்து போவோம். ஒரு நாள் என் சாப்பாட்டு டப்பாவை அவர் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பிணத்திடமிருந்து சாப்பாடு வாங்குவது எப்படி என்று அன்று முழுக்க யோசித்தேன். பட்டினி கிடந்தேன்.

5

கணக்கு இதுதான்.

நீலப்பூ என்று ஒரு விஷம் கிடையாது. நாங்கள் கண்டுபிடித்தது. முன்பு ஒரு கதையில் ஒரு நாய் அதை இரண்டு கரண்டி நக்கிவிட்டு விழுந்தது. முதலில் நாய் செத்ததாகத்தான் எழுதியிருந்தார்கள். மனிதர்கள் சாவதைப் பார்த்தபடி சாப்பிடும் நேயர்கள், நாய் செத்தால் தொலைக்காட்சியை உடைத்துவிடுவார்கள் என்று சலவைக்கடை அக்காவாக நடிப்பவர் எச்சரித்தார். உடனே நாய் ஒரு நாள் முழுக்கத் தூங்கி எழுந்து வாலாட்டுவதாக மாற்றினோம். அந்தக் காட்சி ஒளிபரப்பாகிவிட்டது. மாற்ற முடியாது.

நாயின் எடை பன்னிரண்டு கிலோ. மாமா எழுபத்திரண்டு கிலோ, அதாவது ஆறு நாய். அவர் குடித்தது அரைக் கரண்டி, நாய் நக்கியதில் கால் பங்கு. ஆறில் ஒன்று, அதில் கால்: இருபத்து நான்கில் ஒரு பங்கு. நாய் தூங்கியது இருபத்து நான்கு மணி நேரம். அப்படியென்றால் மாமா ஒரு மணி நேரம் தூங்குவார்.

கதையில் அவர் தேநீர் குடித்து, கடைசிக் காட்சி வரும்போது ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். ஆய்வாளர் நாடி பார்க்கவில்லை. அவர் எந்த வாரமும் பார்த்ததில்லை.

கொலைகாரர் இல்லை என்பதல்ல எங்கள் சிக்கல். கொலையே இல்லை.

வசனப் பிரதி கைக்கு வந்த அன்றே, இரண்டு வாரங்களுக்கு முன்பே, எனக்கு இது தெரியும். சொல்லவில்லை. கணக்கில் தப்பில்லை, ஆனால் கணக்கின் பலன் எங்கள் வீட்டுக் கூடத்தில் படுத்திருந்தது.

விளைவு நேர்விகிதத்தில் மாறும் என்று எடுத்துக்கொண்டேன். இல்லாத விஷத்துக்கு எந்த விகிதமும் பொருந்தும்.

6

"நான் எழுந்து நின்றேன். அறை அமைதியானது. என் குரல் —"

இதையும் அடிக்கிறேன். நடந்தது வேறு. அன்று மதியம் மூன்றரை மணிக்கு, சார் என்றேன். எனக்குப் புழுக்கமாக இருக்கிறது என்று நினைத்து இயக்குநர் எழுந்து விசிறியை வேகமாக வைத்தார். நன்றி சார் என்றேன்.

மாலையில் வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா பருப்பை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தாள். மாமா நடித்த எதையும் அம்மா பத்து நிமிடத்துக்கு மேல் பார்த்ததில்லை. அவர் சாய்ந்ததும் அணைத்துவிடுவாள்.

"தம்பி செத்த பிறகு யார் கொன்னா எனக்கென்ன? நீ போய்ச் சொல்லுடி. ஒரு தடவையாவது முழுசாப் பார்க்கறேன்."

மாமா தட்டைப் பார்த்தபடியே வேண்டாம் என்றார். அவளுக்கு இதுதான் முதல் வேலை என்றார். தனக்குச் சாவு பழகிவிட்டது என்றும் சொன்னார். சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

(இந்த இடத்தில் இரண்டு பத்தி சோகம் எழுதியிருந்தேன். மாமா படித்தால் கூச்சப்படுவார் என்று எடுத்துவிட்டேன். நீங்களாகப் போட்டுக்கொள்ளலாம்.)

7

காலை பத்து மணி. சலவைக்கடை அரங்கம். கம்பியில் தொங்கும் சட்டைகளுக்குக் கீழே மாமா மல்லாந்து கிடந்தார். தலை இடது பக்கம் திரும்பியிருந்தது. நான்தான் போகிற போக்கில் காலால் தலைக்கடியில் இருந்த துணிமூட்டையை நகர்த்தினேன். சந்தேக மனிதர்கள் ஐந்து பேரும் நிம்மதியாக நின்றார்கள். இயக்குநர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் தோற்றுப்போன குரலில், சரி, ஐந்து பேரில் அந்தப் பூக்கடைக்காரருக்கு ஓர் இரட்டை வைத்துக்கொள்வோம் என்றார். பூக்கடைக்காரர் முகம் வெளுத்தது. இரட்டையின் முகம் மலர்ந்தது.

"சார், அவர் சாகல."

சொன்னது நான் என்று எனக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. எல்லோரும் பிணத்தைப் பார்த்தார்கள், பிறகு என்னை. நாய், கரண்டி, எடை எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி ஒப்பித்தேன். யாரும் விசிறியைத் தொடவில்லை.

சலவைக்கடை அக்காதான் முதலில் சிரித்தார். அறுபத்து மூன்று வாரமாகப் பிணங்களுக்கு நடுவே இஸ்திரி போடுகிறேன், ஒன்றுகூட எழுந்து காசு கொடுத்ததில்லை, இதாவது எழட்டும் என்றார். இயக்குநரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. ஐந்து வரியும் அப்படியே நிற்கும், யாரும் சிறைக்குப் போக வேண்டாம் என்று விரல்விட்டுச் சொல்லிக்கொண்டார். என்னிடம் வந்தார்.

"நடக்குமா, நடக்காதா?"

"நடக்கும் சார்."

அப்போது பிணம் தலையை ஆட்டியது. கண் மூடியபடியே, என் பக்கமாக, இடமும் வலமும். வேண்டாம், இதோடு நிறுத்து என்று.

இயக்குநர் பார்த்துவிட்டார்.

8

இங்கே கதையை நிறுத்தி, முடிவுகளைப் பார்க்கிறேன்.

மாமா எழுந்து உட்கார்ந்து, "என் சட்டை ரெடியா?" என்று கேட்கிறார், அடுத்த வாரத்திலிருந்து அந்த ஊரில் கடிகாரம் பழுதுபார்க்கிறார். இது எனக்குப் பிடித்த முடிவு, அதனாலேயே நம்பத் தயக்கமாக இருக்கிறது. அல்லது, சொந்தக்காரி போட்ட கணக்கு என்று தள்ளிவிட்டுப் பூக்கடைக்காரரின் இரட்டையைக் கைது செய்கிறார்கள். அல்லது இருவருக்கும் வேலை போய், பேருந்தில் முதல் தடவையாக ஒரே இருக்கையில் உட்கார்ந்து வீட்டுக்கு —

இவற்றில் ஒன்று நடந்தது. எது என்று எழுதமாட்டேன். எழுதினால், நான் அன்று சொன்னது சரி என்பதற்கோ தப்பு என்பதற்கோ அது சாட்சி ஆகிவிடும். அது சாட்சி இல்லை. முடிவு உங்கள் கையில். எழுப்புவதானால் எழுப்புங்கள், மூடுவதானால், கம்பியில் வெள்ளைத் துணி நிறையத் தொங்குகிறது.

எனக்கு எழுத வேண்டியது அதற்கு முன்னால் இருக்கிற ஒரு வரி மட்டும்.

9

"அவர் ஏன் உன்னைப் பார்த்துத் தலையாட்டுறாரு?" என்றார் இயக்குநர். "உனக்கு அவர் யாரும்மா?"

தெரியாது சார் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னால் நம்புவார்கள். பொய் சொல்வதற்கான தைரியம் எனக்கு இருக்கும் என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. மாமா பிழைத்துவிடுவார். ஆனால் ஆய்வகத்தில் முதல் வாரமே சொல்லிக்கொடுப்பது ஒன்று உண்டு: தராசில் உன் விரல் பட்டிருந்தால், அளவைச் சொல்லும்போதே அதையும் சொல்.

சொன்னேன்.

"கேக்கல," என்றார் இயக்குநர். "சத்தமாச் சொல்லு."

மாமா கண்ணைத் திறந்துவிட்டார்.

"என் மாமா, சார். எங்கம்மாவோட கூடப்பிறந்த தம்பி."