இடக்கை மடிப்பு

பால்கனிக் கதவைத் திறந்து கால் வைத்ததும் காலுறை நனைந்தது. குனிந்து பார்த்தால், மரப்பெட்டியின் அடியிலிருந்து வெளுத்த சிவப்பில் ஒரு நீர்க்கோடு கிளம்பி வாசல்படி வரைக்கும் வந்திருந்தது. மலையூரான நாரினில் மார்ச் பாதி வரைக்கும் பால்கனிதான் எங்களுக்குக் குளிர்பெட்டி. நவம்பரில் ஃப்ரீசரை அணைத்துவிட்டு இறைச்சி, எலும்பு, மாவுப் பண்டம் எல்லாவற்றையும் பால்கனிப் பெட்டியில் அடுக்கிவிடுவோம். வெயில் ஏறத் தொடங்கும் வாரத்தில் மறுபடி உள்ளே மாற்றிவிட வேண்டும். இந்த ஊரில் எந்தப் பெண்ணும் அந்த வாரத்தைத் தவறவிட மாட்டாள். நான் தவறவிட்டேன். ஆம்புலன்ஸ் நிலையத்தில் இருபத்துநாலு மணி நேரம் தொலைபேசி முன்னால் உட்கார்ந்து, யாருக்கு நெஞ்சுவலி, எந்தத் தெரு, எத்தனையாவது மாடி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கொஞ்சம் கண்ணயர்வதற்குள் வெயில் தன் வேலையைக் காட்டிவிட்டது.

ஆட்டுத்தொடையும் குதிரை இறைச்சியும் பிழைத்துக்கொண்டன, நடுவில் இன்னும் கல்லாகத்தான் இருந்தன. போனது அடியில் கிடந்த நீலப் பை. தூக்கினால் தொளதொளவென்று கையில் சரிந்தது. உள்ளே அறுபது மான்ட்டிகள், ஆவியில் வேகும் எங்கள் இறைச்சிக் கொழுக்கட்டைகள், ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகியிருந்தன. மணி மூன்று. நாலு மணிக்கு அக்மரால் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். பதினொரு வயது. பையில் இருப்பது தன்னைப் பெற்றவள் மடித்து வைத்துவிட்டுப் போனது என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். அதில் ஒன்றுகூட அப்படி இல்லை. அத்தனையும் நான் மடித்தவை.

ஷைர்குல், அதுதான் அவள் அம்மா, தலைநகர் பிஷ்கெக்குக்கு அறுவை சிகிச்சைக்குப் போகுமுன் இரண்டு நாள் உட்கார்ந்து இருநூறு மான்ட்டி மடித்து உறைய வைத்துவிட்டுப் போனாளாம். அவள் புருஷன் ஒமுர்பெக் பிஷ்கெக் தடத்தில் மினிபஸ் ஓட்டுபவர். ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார், அடுப்படியில் தேநீருக்கு மேல் எதுவும் தெரியாது. பத்து நாள் அப்பனும் மகளும் வயிறு காயக் கூடாது என்று நினைத்திருக்கிறாள். பைமேல் தடித்த மார்க்கரில் எழுதியிருந்தாள்: ‘தண்ணீர் கொதித்த பிறகு வை. நாற்பத்தைந்து நிமிடம். மூடியைத் திறந்து பார்க்காதே.’ பதினோராம் நாள் அவளை அதே மினிபஸ்ஸில் கொண்டுவந்தார்கள். மான்ட்டியை யாரும் தொடவில்லை.

வருடம் முடிந்து நினைவு விருந்தும் கொடுத்த பிறகு ஒமுர்பெக் என்னைக் கட்டிக்கொண்டார். நான் ஏரிக்கரைக்காரி, கல்யாண வயதைக் கோட்டைவிட்டுப் பல வருடமானவள். வந்த முதல் நாளே பால்கனிப் பெட்டியைத் திறந்து காட்டினார்.

“மேல இருக்கறதெல்லாம் உன்னுது, ஜீபெக். அடியில இருக்கற நீலப் பைய மட்டும் தொடாத.”

“யாருக்கு வெச்சிருக்கீங்க?”

“யாருக்குமில்ல. இருந்துட்டுப் போகட்டும்.”

நானும் தொடவில்லை. ஆனால் அக்மரால் என் சமையலைத் தொடவில்லையே! முகம் கோணாமல், “பசிக்கலக்கா” என்பாள். ரொட்டியும் வெண்ணெயும் மட்டும் தின்பாள். கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. வகுப்பாசிரியை என்னை வரச்சொல்லி, “பிள்ளைக்கு வீட்ல சாப்பாடு போடறீங்களா?” என்று கேட்டபோது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பிறகு ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. வியாழக்கிழமை மாலையில் எண்ணெய் காய வைத்து ஏழு ரொட்டி சுட வேண்டும், இறந்தவர்களுக்கு அந்த வாசனைதான் சாப்பாடு. வேலை முடிந்து கண்ணெல்லாம் எரிய நின்றவள், எண்ணெய் தீய்ந்துவிடப் போகிறதே என்கிற அவசரத்தில், பால்கனியில் கைக்கு அகப்பட்ட பையைப் பிரித்து ஆவிப்பானைத் தட்டுகளில் அடுக்கிவிட்டேன். மேசையில் வைத்த பிறகுதான் கவனித்தேன். மாவின் நாலு முனைகளும் மேலே சேர்ந்து இடப்பக்கமாகச் சுழித்திருந்தன. ஷைர்குல் இடக்கைக்காரி.

அக்மரால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு எட்டு தின்றாள். மணிக்கட்டு வரை வழிந்த கொழுப்பை நக்கிக்கொண்டே, “எண்ணெ வாசன அம்மாவுக்கு. இது எனக்கு” என்றாள். ஒமுர்பெக் இரண்டு மட்டும் தின்றுவிட்டு, வண்டி எஞ்சினைச் சூடுபடுத்தப் போவதாகச் சொல்லி எழுந்து போனார். மறுநாள் வண்டியே கிடையாது அவருக்கு.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் நீலப் பைதான். பிள்ளையின் கன்னம் தேறியது. பையோ இளைத்துக்கொண்டே வந்தது. நான் ஒன்றை எடுத்து உருக விட்டு, மடிப்பை மெல்லப் பிரித்துப் பார்த்து, அதே வரியில் திரும்ப மடித்துப் பழகினேன். வலது கையால் எத்தனை தடவை செய்தாலும் சுழி வலப்பக்கமே போனது. கடைசியில் இடது கைக்கு மாற்றினேன். ஷைர்குல் மடித்ததில் கடைசி ஆறையும் அக்மரால் ஏப்ரலில் தின்றாள். அவை கடைசி என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்று நினைத்தேன். தட்டைக் கழுவும்போது, முன்பின் பார்த்திராத ஒருத்திக்காக அழுதேன். மறுநாளே அறுபது மடித்துப் பையை நிரப்பினேன். ஒரு வருடமாக அந்தப் பை தீரவேயில்லை.

நிலையத்தில் என் பக்கத்து இருக்கையில் இருக்கும் தாமிரா அக்காதான் முதலில் கேட்டாள். “ஏன்டி, நீ எப்பலேர்ந்து பீச்சாங்கையால எழுதற?” பார்த்தால், தொலைபேசி வலது கையில், பேனா இடது கையில். தாளில் இருந்த எழுத்து என் எழுத்தில்லை, தடித்துப் பின்னால் சாய்ந்திருந்தது. எங்கே பார்த்த எழுத்து என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை, வாரா வாரம் பைமேல் பார்ப்பதுதானே. அந்தத் தாளைக் கசக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வேறு தாளில் எழுதினேன். இன்னொரு நாள் வீட்டில் ஒமுர்பெக்குக்குத் தேநீர் ஊற்றி நீட்டினேன். அவர் கிண்ணத்தை வாங்காமல் என் இடது கையையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. ஒரு ஆவி தானாக வந்து பிடித்துக்கொண்டால் யாரையாவது கூப்பிட்டு ஓதிவிடச் சொல்லலாம். இவளை நான்தானே விருந்தாளி மாதிரி அழைத்து உட்கார வைத்து, என் கையைக் கொடுத்தேன். யாரிடம் போய் என்ன சொல்வது?

சொட்டுகிற பையோடு நான் யோசித்துக்கொண்டு நின்றபோது பின்னால் குரல் கேட்டது.

“உருகிடுச்சா?”

நாலு மணி ஆகியிருக்கவில்லை. அக்மரால் காலணியைக் கழற்றிவிட்டு, புத்தகப்பையை முதுகில் மாட்டியபடியே சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

“போச்சு கண்ணு. வெயில் வந்துடுச்சு. நான் உள்ள எடுத்து வெச்சிருக்கணும். உங்கம்மா செஞ்சது எல்லாமே…”

“அதுதான் போன ஏப்ரல்லயே தீந்துடுச்சே.”

நான் பையைத் தொட்டியில் போட்டேன்.

“அம்மா கறிய கத்தியால நறுக்குவாங்க. நீங்க மெஷின்ல அரைக்கறீங்க. வாயில வெச்சதும் தெரிஞ்சிடுச்சு” என்றாள்.

“அப்பாவுக்கு?”

“அவரு சாப்பிடறப்ப தட்டயே பாக்க மாட்டாரு.”

“தெரிஞ்சும் ஏன்டி ஒரு வருஷமா சாப்பிட்ட?”

அவள் புத்தகப்பையைக் கழற்றி நாற்காலியில் வைத்தாள். அதன் வாரைச் சுருட்டினாள், பிரித்தாள்.

“சாப்பிடலன்னா நீங்க மடிக்கறத நிறுத்திருவீங்க. நான் ஸ்கூல் விட்டு சீக்கிரமே வந்துருவேன்க்கா. உள்ள வராம இங்க நின்னுப்பேன். நீங்க முதுகக் காட்டிட்டு உக்காந்து மடிச்சிட்டிருப்பீங்க. பின்னாலேர்ந்து பாத்தா அம்மா மாதிரியே இருக்கும், அந்தக் கை போறது. நீங்க திரும்பினாத்தான் நீங்க.”

சுருக்கென்றது எனக்கு. என்னை ஏமாற்றிவிட்டாள் என்று கோபம்கூட வந்தது, ஏமாற்றியது நானாக இருந்தும். ஒரு வருடமாக இந்தப் பிள்ளையின் கன்னத்தில் ஏறிய சதை என் சமையலால் ஏறியது என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. இவள் தின்றது என் முதுகுக்காக.

“இனிமே அது வேணாம்” என்றேன். “எங்கூரு மடிப்பு ஒண்ணு இருக்கு. இன்னிக்கு அதான். புடிச்சா சாப்பிடு, இல்லாட்டி ரொட்டியத் தின்னு.”

“உங்கூருல எப்பிடி மடிப்பாங்க?”

“படகு மாதிரி. ஏரிக்கரையாச்சே.”

“ஏரிக்கரைக்காரங்க எதச் செஞ்சாலும் மீன் நாறும்னு அப்பா சொல்வாரு.”

“உங்கப்பா வண்டி சீட்டுக்கடியில ஒளிச்சு வெச்சுத் திங்கறாரே கருவாடு, அது எந்த ஊருதுன்னு கேளு.”

சிரித்துவிட்டாள். என் முன்னால் அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் தெம்பு வந்தது. மாவைப் பிசைந்து மூடி வைத்தேன். பாதி உருகிய தொடையை எடுத்து அரைக்கும் இயந்திரத்தைத் தேடியபோது, “நான் நறுக்கறேன்” என்று கத்தியை எடுத்துக்கொண்டாள். பொடிப்பொடியாக, அவசரமில்லாமல் நறுக்கினாள். வெங்காயம் நான் அரிந்தேன். இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர். அடுப்பில் ஆவிப்பானை முனக ஆரம்பித்தது. அன்றும் வியாழக்கிழமைதான், பக்கத்து அடுப்பில் எண்ணெய்ச் சட்டி காத்திருந்தது. ஒமுர்பெக் வர இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

மாவைத் தேய்த்து வட்டங்களாக வெட்டி அடுக்கிவிட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். ஏரிக்கரை மடிப்பு சுலபம். நடுவில் இறைச்சி வைத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்து, வலது கட்டைவிரலால் பின்னல் போல அழுத்திக்கொண்டே போனால் படகு. ஆறு வயதில் கற்றது. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் ஒரே உட்காரலில் முந்நூறு மடித்திருக்கிறேன்.

வட்டத்தை உள்ளங்கையில் எடுத்தேன். இறைச்சி வைத்தேன். ஓரங்கள் நாலு முனையாக மேலே போயின, சேர்ந்தன, இடப்பக்கமாகச் சுழித்துக்கொண்டன.

“பழக்கதோஷம்” என்று சொல்லிப் பிரித்தேன். மறுபடி வைத்தேன். மறுபடி அதுவே வந்தது. மூன்றாவதுக்கு இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு வலது கையால் மட்டும் முயன்றேன். மாவின் ஓரம் எங்கே இருக்கிறது என்றே அதற்குத் தெரியவில்லை. கட்டைவிரல் தடவித் தடவி நின்றது, மாவு கிழிந்து இறைச்சி பலகையில் சிந்தியது. படகு எப்படி ஆரம்பிக்கும்? முதல் அழுத்து வெளியிலிருந்தா, உள்ளேயிருந்தா? அம்மாவின் விரல்களை நினைத்துப் பார்த்தேன். ஞாபகத்தில் அவள் விரல்களும் இடப்பக்கமாகவே போயின.

“இரு, வந்துடும்” என்றேன். “ஒரு நிமிஷம் இரு.”

நான் எடுக்காமலே தொடைக்கடியிலிருந்து இடது கை வெளியே வந்தது. நாலாவது வட்டத்தை எடுத்தது.

அக்மரால் கத்தியைக் கீழே வைத்தாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மடிப்பு முடிகிறவரை காத்திருந்து, அந்த மான்ட்டியை மெல்ல வாங்கிப் பலகையில் வைத்தாள். பிறகு மாவோடு அந்தக் கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து மூடிக்கொண்டாள். ஆவிப்பானையின் மூடி தடதடவென்று ஆடியது. நாங்கள் யாரும் எழுந்து போய்த் திறக்கவில்லை. என் வலது கை, சிந்திய இறைச்சிக்குப் பக்கத்தில், பலகை மேல் சும்மா கிடந்தது.