நாற்பத்திரண்டு ஜன்னல்

இரத்தினபுரிக்கு விருந்தாளி வந்தால் முதல் நாள் சோறு, இரண்டாம் நாள் சாலி. ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். சோறு போட்டு முடித்த வீட்டுக்காரர், இனி இந்த மனிதர்களை என்ன செய்வது என்று முழிக்கும்போது, சந்தியில் நிற்கும் சாலியின் ஹயர் காருக்கு ஆள் போகும்.

அது மேட்டில் ஏறும்போது சாலியும் சேர்ந்து மூச்சு வாங்குவார். பள்ளத்தில் இறங்கும்போது கலிமா சொல்வார். பிரேக் பிடித்துவிட்டால், "கபூலாகிட்டுது" என்று, வேண்டுதல் பலித்ததுபோல் பின்னால் திரும்பிச் சிரிப்பார். விருந்தாளிகள் பாதி பயத்திலும் பாதி சிரிப்பிலும் ஊர் பார்ப்பார்கள்.

பாதை எப்போதும் ஒன்றுதான். ஆற்றுப் பாலம் தாண்டி றப்பர் தோட்டத்துக்குள் நுழைந்தால் துரை பங்களாவின் பூந்தோட்டம். அந்தப் பக்கத்தால் இறங்கினால் மாணிக்க வியாபாரிகள் போட்டிக்கு வீடு கட்டியிருக்கும் குன்று. சனங்கள் அதைச் சீமான் மேடு என்றார்கள். அங்கே தனக்கென்று ஒரு செங்கல்கூட இல்லாத சாலி, ஒவ்வொரு வீட்டையும் தானே கடைக்கால் போட்டுக் கட்டியதுபோல் காட்டுவார்.

"இது கோட்டுல வழக்குப் பேசுற பிரக்கிராசியார்ட ஊடு. வாசல் கேட்ட முதல்ல கட்டினார். அதோட காசு முடிஞ்சி. ஊடு சின்னதாப் போச்சு. இந்த முதலாளி மூணு மாடி கட்டிட்டு, கள்ளனுக்குப் பயந்து படிக்கட்டுக்குக் கீழதான் படுக்கிறார்."

கடைசியாக, மேட்டின் உச்சியில், கபூர் ஹாஜியாரின் மாளிகை.

"நாப்பத்திரண்டு ஜன்னல்! மழை வந்தா வேலைக்காரன் ஒவ்வொண்டாச் சாத்திக்கொண்டு வருவான். நாப்பத்திரண்டாவதச் சாத்தக்குள்ள வெயில் வந்திரும். பொறகு தொறந்துகொண்டு போகணும்."

இந்த இடத்தில் சாலி றப்பர் ஹோர்னை இரண்டு தரம் ஊதுவார். விருந்தாளிகள் அது வீட்டுக்குச் செய்யும் மரியாதை என்று நினைப்பார்கள்.

அது மரியாதை இல்லை. அந்த வீட்டுக்குள் சாலியின் மூத்த மகள் றம்ஸியா இருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன், ஹாஜியாரின் ஒரே மகன் முக்தார் அவளை ஒரு கலியாண வீட்டில் கண்டு, அவள்தான் வேண்டும் என்று பட்டினி கிடந்தான். ஹாஜியார் இறங்கி வந்தார். ஆனால் முழுதாக இறங்கவில்லை. நிக்காஹ் முடிந்த கையோடு புரோக்கரிடம் சொல்லி அனுப்பினார்: பொண்ணுடைய வாப்பா இரண்டு பெருநாளைக்கும் வரலாம், பின்கேட் வழியாக.

சந்தியில் நாலு பேர் நடுவில் வைத்துத்தான் புரோக்கர் அதைச் சொன்னார். சாலிக்கு வாய் சும்மா இருக்குமா?

"பின்கேட்டால வர நான் என்ன வெறகு வண்டியா? முன்னாலதான் வருவன். தினம் வருவன். விருந்தாளியும் கூட்டிக்கொண்டு வருவன்!"

சந்தி முழுக்கச் சிரித்தது. நாலு பேர் சிரித்துவிட்ட பேச்சைத் திரும்ப எடுக்க முடியாது. அது சத்தியம்போல் நின்றுவிடும். சாலி அதன்பிறகு அந்த வீட்டுப் பின்கேட்டை மிதிக்கவில்லை. பெருநாளுக்குப் பெருநாள் அவருடைய மனைவி ஆஸியா போய் வந்தாள். போன வருடம் வாதத்தில் அவள் காலும் முடங்கியது.

ஆகவே ஹோர்ன். அது தகப்பனும் மகளும் ஆஸியா மூலமாகப் பேசி வைத்த ஏற்பாடு. இரண்டு தரம் ஊதினால், மேல் மாடியில் கிழக்குக் கோடி ஜன்னலில் றம்ஸியா ஒரு பச்சைத் துணியைத் தொங்கவிடுவாள். 'நான் நல்லா ஈக்கிறன் வாப்பா' என்று அதற்கு அர்த்தம். கார் போனதும் எடுத்துவிடுவாள். கொஞ்ச நாளாகச் சாலி ஊதுவதற்கு முன்பே துணி தொங்கியது. "மகளுக்குச் சோம்பல் வந்திட்டுது. மாளிகைச் சோறு," என்றார் மனைவியிடம். ஆஸியா பாயில் கிடந்தபடி மாலைக்கு மாலை ஒரே கேள்விதான் கேட்பாள்.

"தொங்குதா?"

"தொங்குது."

"அல்ஹம்துலில்லாஹ்."

அந்த வருடம் றப்பர் விலை விழுந்தது. விருந்தாளிகளும் குறைந்துபோனார்கள். அதனால், ஒரு காலைப்பொழுதில் மாவனல்லையில் இருந்து புடவைக் கடை அஸீஸ் முதலாளியும் அவருடைய அக்கா மஹ்மூதாவும் வந்து இறங்கியபோது, சாலி காரை இரண்டு தரம் துடைத்தார். வயதில் மட்டுமல்லாமல் எல்லாவற்றிலுமே மஹ்மூதாதான் அவருக்கு மூத்தவள் என்பது, அவள் ஏறி உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது.

"நீங்கதானே சாலி நானா? போன ஹஜ்ஜுப் பெருநாளைக்கு எங்கட மச்சான் ஒங்கட கார்ல வந்தார். ஊருக்கு வந்து ஒரு மாசம் ஒங்கட பகிடியத்தான் சென்னார்," என்றார் அஸீஸ்.

"ஒரு மாசந்தானா? அப்ப ரெண்டு பகிடிய மறந்திட்டார்," என்றார் சாலி. மஹ்மூதா குலுங்கிச் சிரித்தாள். நல்ல சவாரியாக அமையும் என்று சாலிக்குத் தோன்றியது.

தோட்டத்துக் கேட்டில் காவல்காரன் அழகமுத்து சங்கிலியை அவிழ்த்தான். சாலி வெற்றிலைச் சரையை நீட்டினார்.

"எல்லாருக்கும் பங்களாவையே காட்டுறீங்களே நானா, எங்க லயத்தையும் ஒரு நாளைக்கிக் காட்டுங்க," என்றான் அழகமுத்து.

"அதக் கண்டா விருந்தாளிக்குச் சோறு எறங்காதடா தம்பி."

"இனிமே பயமில்லங்க. பாதிப் பேரக் கப்பலேத்தி இந்தியாவுக்கு அனுப்பிட்டாங்க. பாக்குறதுக்கு ஆளே இல்ல."

சாலி காரை எடுத்தார். வளைவில் இடப்பக்கம், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாக ஒண்டியிருக்கும் லயம் தெரியும். அந்த இடத்துக்கு அவர் ஒரு வித்தை வைத்திருந்தார்.

"வலப்பக்கம் பாருங்கொ, வலப்பக்கம்! பாவாத மலை!"

விருந்தாளிகள் வலப்பக்கம் திரும்புவார்கள். ஆதம் நபியின் பாதம் இருக்கும் அந்த மலை பெரும்பாலும் மேகத்துக்குள் இருக்கும். அவர்கள் தேடி முடிப்பதற்குள் லயம் பின்னால் போய்விடும். இன்றும் போனது.

சீமான் மேட்டில் ஏறும்போது மஹ்மூதா முன்னால் குனிந்து பேசினாள்.

"சாலி நானா, நாங்க சும்மா ஊர் பாக்க வரல்ல. தம்பிட மகள் நபீலாக்கு இங்க ஒரு எடம் பேசிக்கொண்டு ஈக்கிறோம். பேசி முடியாம ஊட்டுக்குள்ள காலெடுத்து வெச்சா வாக்குக் குடுத்த மாதிரி. அதுதான் றோட்டால பாத்திட்டுப் போவம் எண்டு."

"நல்லம், நல்லம். எந்த ஊடு?"

"ஒங்கட ஊடுதான்!" அஸீஸ் சிரித்தார். "அந்த நாப்பத்திரண்டு ஜன்னல் ஊடு. நீங்க செல்லித்தானே மச்சானுக்குத் தெரியும். அவர் வந்து சென்ன பொறகுதான் நாங்க புரோக்கரப் புடிச்சது."

கார் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. சாலி கலிமா சொல்லவில்லை.

"ஹாஜியாருக்கு... ஒரு மகன்தானே."

"ஓ, முக்தார். முந்தி ஒண்டு முடிச்சவர்தான்," என்றாள் மஹ்மூதா. "புள்ள இல்ல. அந்தப் பொண்ணு நாலு மாசத்துக்கு முந்தியே வாப்பாட ஊட்டுக்குப் போயிட்டாளாம். வாப்பாக்காரன் ஏதோ ஏழையாம். ஒரு சண்ட இல்ல, சச்சரவு இல்ல, வந்து கூட்டிக்கொண்டு போனாராம். அந்த மாதிரி மனுசரும் ஈக்கிறாங்க."

அந்த மாதிரி மனிதரின் கையில் ஸ்டியரிங் இருந்தது.

தன் வீட்டில் ஆஸியா, இளைய மகள்கள் இருவர், தான் என்று நாலு பேர்தான் சாப்பிடுகிறார்கள் என்பது சாலிக்குத் தெரியும். ஐந்தாவது பீங்கான் தட்டு மூன்று வருடமாகக் கவிழ்ந்தே கிடக்கிறது. ஆகவே புரோக்கர் பொய் சொல்லியிருக்கிறான். நேற்றும் பச்சைத் துணி தொங்கியதே. இதோ, உச்சிக்குப் போனதும் இவர்களிடமே கேட்டுவிடலாம்: வாப்பா வீட்டுக்குப் போனவள் ஜன்னலில் எப்படித் துணி போடுவாள் என்று.

உச்சியில் காரை நிறுத்தினார். துணி தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் ஊதினார். ஜன்னலில் ஒன்றும் அசையவில்லை. இன்னும் இரண்டு தரம் ஊதினார்.

அப்போதுதான் சாலி அந்தத் துணியைப் பார்த்தார். இத்தனை நாளும் தன் பகிடியைத்தான் பார்த்திருந்தார் போலும். துணியில் பச்சை போய் வைக்கோல் நிறம் வந்திருந்தது. நுனி நார் நாராகக் கிழிந்து, மழை ஊறி, ஓரமெல்லாம் கரும்பூஞ்சணம் பிடித்திருந்தது. றம்ஸியா என்றோ ஒரு நாள் தொங்கவிட்டது. திரும்ப மேலே ஏறி எடுத்து வைக்க அவளுக்கு வாய்க்கவில்லை. நாற்பத்திரண்டு ஜன்னலில் ஒன்றில் ஒரு துணி கிடப்பது அந்த வீட்டில் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? தெரிய வேண்டியவன் கீழே நின்று ஹோர்ன் ஊதிக்கொண்டிருந்தான்.

"என்ன நானா, பகிடியக் காணல்ல?" என்றார் அஸீஸ். "மழை வந்தா வேலைக்காரன்..."

"சாத்திக்கொண்டு வருவான்," என்றார் சாலி.

மஹ்மூதா வீட்டை அளந்து முடித்திருந்தாள். "முன்பக்கம் ஊராருக்கு. எங்கட புள்ள இருக்கப்போறது கிணத்தடியிலும் குசினியிலும்தானே. பின்னால ஒரு பாதை ஈக்கா? அதால போங்கொ."

பாதை இருந்தது. மூன்று வருடமாகச் சாலி மிதிக்காத பாதை. விறகு வண்டி போகும் அகலம். கார் இரண்டு பக்கத்து வேலியையும் உரசிக்கொண்டு உள்ளே போனது. குசினிப் புகைக்கூண்டு. கோழிக்கூடு. இடப்பக்கம் கிணறு.

கிணற்றடியில் ஒருத்தி குந்தியிருந்து சீலை துவைத்துக்கொண்டிருந்தாள். கழுத்தெலும்பு தெரிந்தது. கையில் ஒரு வளையலும் இல்லை. கார் சத்தம் கேட்டு நிமிர்ந்தாள்.

சாலியின் வாய் தானாகத் திறந்தது. இருபது வருடப் பழக்கம்.

"வலப்பக்கம் பாருங்கொ... வலப்பக்கம். பாவாத மலை."

இருவரும் வலப்பக்கம் திரும்பினார்கள். சாலி இடப்பக்கம் பார்த்தார். றம்ஸியாவும் அவரைப் பார்த்தாள். அழவில்லை. ஈரக் கையால் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டாள், அந்நிய ஆண் வந்தால் இழுப்பதுபோல.

"மலையக் காணல்லையே. மேகந்தான்," என்றார் அஸீஸ். மஹ்மூதா ஏற்கெனவே இந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

"வேலைக்குப் பொம்புள ஈக்கி. நல்லம். நபீலாக்குத் துவைக்க வராது."

"அது என்ட மகள்," என்றார் சாலி.

அஸீஸ் தொடையில் தட்டினார். மஹ்மூதா வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"இதத்தான் மச்சான் சென்னது! மொகத்தச் சிரிக்காம வெச்சிக்கொண்டு எடுத்து விடுவார் எண்டு!"

"அல்லாஹ்மேல ஆணையா, என்ட மகள்."

"போதும் நானா, போதும், வயிறு நோகுது!"

அவர்கள் சிரித்தது கிணற்றடி வரைக்கும் கேட்டிருக்கும். சாலி கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். றம்ஸியா தலையைச் சிறிதாக ஆட்டினாள், வேண்டாம் என்று. அந்தத் தலையாட்டல் அவருக்குத் தெரியும். நாலு துண்டு மீனை ஆஸியா ஐந்து பேருக்குப் பரிமாறும்போது, எனக்குப் பசியில்லை என்று முன்பெல்லாம் மகள் ஆட்டியது அது. வாப்பா இங்கே சத்தம் போட்டால் இன்றைக்கே தலாக் வரும். இரண்டு தங்கைகள் கலியாணத்துக்கு நிற்கும் வீட்டுக்கு அது நடந்து வரும். அதையெல்லாம் அவள் ஒரு தலையாட்டலில் சொல்லிவிட்டாள். சாலி வைத்த காலை எடுத்து உள்ளே வைத்தார்.

"போவம், மழை வரப்போகுது," என்றாள் மஹ்மூதா. "தம்பி, ஊடு நல்லம். உம்மாக்குச் செல்லுவம்."

கார் நகர்ந்தது. சாலி வேண்டுமென்று செய்யவில்லை. கைதான் ஹோர்னைத் தேடிப் போனது. இரண்டு தரம் ஊதியது.

றம்ஸியா எழுந்தாள். கையிலிருந்த சீலையைப் பிழிந்தாள், உதறினாள், முதல் தூறல் விழுந்துகொண்டிருந்த வேலியில், தகப்பன் பார்க்கும் பக்கமாக, நன்றாக இழுத்து விரித்துத் தொங்கவிட்டாள்.

"பாத்தீங்களா தம்பி, மழையிலயும் காயப் போடுறாள். சுறுசுறுப்பான பொம்புள," என்றாள் மஹ்மூதா.

அன்று மாலை ஆஸியா பாயில் கிடந்தபடி கேட்டாள்.

"தொங்குதா?"

"தொங்குது," என்றார் சாலி.