விளக்குக் குஞ்சுகள்

நீலக் குடையை விரித்துக் கூண்டுக்குள் வைத்ததுதான் தாமதம், ஆறு குஞ்சுகளும் அலறியடித்துக்கொண்டு மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தன. பக்கத்துக் கூண்டிலும் அதே ஐந்து நாள் குஞ்சுகள்தான். அங்கே குடையை வைத்தபோது தாய்க்கோழி கழுத்தை நீட்டி ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதற்கெல்லாமா பயம் என்பதுபோல் தரையைக் கிளறப் போய்விட்டது. அதன் வயிற்றுக்கடியில் ஒளிந்த குஞ்சுகளும் ஒரு நிமிடத்தில் வெளியே வந்து குடைக் கம்பியைக் கொத்திப் பார்த்தன. தாயில்லாத ஆறும் பத்து நிமிடமாகியும் அசையவில்லை. அவள் நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதினாள்.

அந்தப் பறவை ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். தீனி வைப்பது, கூண்டு கழுவுவது, பார்த்ததை எழுதுவது எல்லாம் அவள் தலையில்தான். தாயோடு வளரும் குஞ்சுக்கும், மஞ்சள் பல்பின் சூட்டில் தனியாக வளரும் குஞ்சுக்கும் குணத்தில் என்ன வித்தியாசம் என்பதுதான் ஆய்வு. பல்பில் வளர்பவற்றை அங்கே விளக்குக் குஞ்சுகள் என்பார்கள். எதைக் கொத்தலாம், எதைக் கொத்தக்கூடாது என்று சொல்லித்தர ஆளில்லாமல் அவை ஒன்றன் கால்விரலை ஒன்று கொத்திப் புண்ணாக்கும். முதல் முறை அதைப் பார்த்தபோது அவளுக்குத் தன்னைப் பிரிந்து வளர்ந்த மகளின் ஞாபகம் வந்தது. உடனே, அந்தப் பிள்ளையைப் பெற்ற பிள்ளைபோல் வளர்த்த தன் அக்காவைப் போய்ப் பல்போடு சேர்த்துவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

மகளுக்கு ஒன்றரை வயதாகும்போது கணவன் போய்ச் சேர்ந்தான். இந்த வேலை கிடைத்தது, தங்க இடமில்லை. அக்காவிடம் பிள்ளையை விட்டாள். ஆறு மாதம் என்றுதான் பேச்சு, ஏழு வருடமாகிவிட்டது. இப்போது ஒற்றை அறை வீடு கிடைத்து அழைத்து வந்தாயிற்று. வந்த பிள்ளை சண்டை போடவில்லை, அழவில்லை. தட்டைக் கழுவி வைத்தது, "நீங்க சாப்ட்டீங்களா" என்று விருந்தாளி மாதிரி கேட்டது, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் போய் உட்கார்ந்துகொண்டு பெரியம்மாவோடு போனில் மணிக்கணக்காகப் பேசியது. அங்கே மட்டும் அதற்குச் சிரிப்பு வந்தது.

"ஒரு மாசம் பாரு. ஒட்டலன்னா அனுப்பிடு. பிள்ளையைப் போட்டு வதைக்காத" என்றாள் அக்கா. வரும் ஞாயிற்றுக்கிழமையோடு மாதம் முடிகிறது. போன் இருக்கிறவரைக்கும் பிள்ளை தன்னிடம் வராது என்று அவள் மூன்று வாரத்துக்கு முன்பே போனை வாங்கிப் பூட்டி வைத்துவிட்டாள். மகள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சந்தில் உட்காருவதையும் விடவில்லை.

குடை வைத்துப் பார்த்த அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் கிளம்பியபின் அவள் கடைசிக் கூண்டுக்குப் போனாள். அங்கே கூமுட்டைகளின்மேல் ஓர் அடைக்கோழி மூன்று வாரமாகப் படுத்துக் கிடந்தது. எழுப்பினால் சீறும், இறக்கினால் திரும்ப ஏறிக்கொள்ளும். குஞ்சை அடைக்கோழியிடம் சேர்ப்பதென்றால் பொரித்த இரண்டு நாளுக்குள் சேர்க்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அதைக் கொட்டை எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியவளே அவள்தான். ஆனால் ஐந்தாம் நாள் வைத்தால் ஆகவே ஆகாது என்று யார் பார்த்தார்கள்? நப்பாசை யாரை விட்டது! பழகின இடமாக இருக்கட்டும் என்று விளக்குக் குஞ்சுகளின் கூண்டுக்கே கோழியைத் தூக்கிவந்து வைத்தாள். அது ஆறையும் பார்த்தது, இறக்கையை லேசாக விரித்துத் தாழ்ந்த குரலில் அழைத்தது. குஞ்சுகள் பல்புக்கடியில் நின்றன. சூடு இருக்கிறவரைக்கும் எப்படி வரும்? இல்லையென்றால் தானாக வரும். பல்பை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள். வழியெல்லாம் அவளுக்கு மனசு லேசாக இருந்தது.

காலையில் கதவைத் திறக்கும்போதே கோழியின் குரல் கேட்டது. கரகரத்துப் போயிருந்தது. போட்ட இடத்திலேயே இறக்கையை விரித்தபடி உட்கார்ந்திருந்தது. குஞ்சுகள் அணைந்த பல்புக்கு நேர் கீழே குவிந்து கிடந்தன. கோழிக்கும் அவற்றுக்கும் நடுவே இரண்டு முழம்கூட இல்லை. நான்கு விறைத்துவிட்டன. அடியில் இருந்த இரண்டுக்கு மட்டும் மூச்சு இருந்தது. அவள் சுவிட்சைப் போட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அந்த இரண்டும் தலையைத் தூக்கி, வெளிச்சத்தைப் பார்த்து மெல்லக் கத்தின.

ஆய்வாளர் வந்தார். எதற்கெடுத்தாலும் நேரம் பார்ப்பதால் அவருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர்.

"யார் அணைச்சது?"

"நான்தான் சார்."

"ரெண்டு நாள் கணக்கு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

அவர் குனிந்து செத்த குஞ்சுகளைத் திருப்பிப் பார்த்தார். "கோழி கொத்திடுச்சா?"

"இல்ல சார். கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்துருக்கு."

அவர் நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். "எழுதிடுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவள் குறிப்பேட்டைத் திறந்தாள். காரணம் என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை வைத்திருந்துவிட்டு, குளிர் என்று எழுதினாள். கொன்றது நான் என்று எழுதக் கட்டம் இல்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாயவில்லை. மழையில் புடவை தொப்பலாகியிருந்தது. மகள் சந்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் பூட்டைத் திறந்து, போனைச் சார்ஜில் போட்டு, உயிர் வந்ததும் மகளிடம் நீட்டினாள்.

மகள் போனையும் அவள் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தாள். கை நீளவில்லை.

"எவ்வளவு நேரம் பேசலாம்?" என்று கேட்டாள்.

அவள் போனை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் பேசும்மா. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லு."

மகள் போனை வாங்கிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். இரண்டு முறை மணி அடிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள். மகளின் முதுகு குலுங்கியது. சிரிப்பா அழுகையா என்று இங்கிருந்து தெரியவில்லை. தெரிந்துகொள்ளக் கிட்டே போகவும் அவளுக்குத் தைரியம் இல்லை. ஈரப் புடவையை மாற்றிவிட்டுக் கட்டிலில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் படுத்தாள். குளிருகிறது, பிள்ளைக்கும் குளிரும் என்று சொல்ல வாயெடுத்துச் சொல்லாமல், காலியாக விட்ட பக்கத்தில் போர்வையின் ஓரத்தை மட்டும் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். கை கடுக்கத் தொடங்கியது. சந்தில் பேச்சு நடந்துகொண்டே இருந்தது.