மூன்றாம் கொட்டடியின் இணைப்பு

அந்தச் சிறையில் பூட்டுக்கும் சாவிக்கும் வேலை போய் ரொம்ப நாளாயிற்று. முன்கட்டடத்தில் இருந்த மெயின்ஃபிரேம் கணினிதான் கதவுகளைத் திறந்தது, மூடியது. கொட்டடிக்கு ஒரு ரவுட்டர். அதன் வழியாகத்தான் உத்தரவு போய்ச் சேரும். அந்த இணைப்புகளைக் கட்டி மேய்ப்பவள் அக்கா. அவள் தம்பி மூன்றாம் கொட்டடியில் காவலன் என்பதால் ஊருக்கே அவள் அக்கா ஆகிவிட்டாள்.

தம்பியிடம் ஒரு கெட்ட பழக்கம். காவல் அறைத் திரையில் தன் அடையாள எண்ணைப் போட்டு நுழைந்தால், வேலை முடிந்தாலும் வெளியேற மாட்டான். அப்படியே திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கக் கிளம்பிவிடுவான். எவனாவது கைதி அதில் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். எருமை மேல் மழை பெய்த மாதிரி நின்று சிரிப்பான்.

அன்று மதியம் சாப்பாட்டு வரிசையில் கலவரம் வெடித்தது. கட்டில் கால்களைப் பிடுங்கி ஒரு காவலனின் மண்டையைப் பிளந்தார்கள். இன்னொருவனை மாடிப்படியில் உருட்டிவிட்டார்கள். கால் உடைந்து கிடந்த அவனை இழுத்துக்கொண்டு தம்பி காவல் அறைக்குள் புகுந்து, தாழ் போட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்தான். பின்கதவைத் திறந்து இரண்டு பேரும் வந்துவிடுவோம், பயப்படாதே என்றான். அவன் குரலுக்குப் பின்னால் கதவை இடிக்கும் சத்தம் கேட்டது.

அதற்குள் சிறைக் கண்காணிப்பாளர் முன்கட்டடத்தில் அக்காவின் அறைக்குள் வந்து போன் வயரைப் பிடுங்கி எறிந்தார். சட்டையெல்லாம் யார் ரத்தமோ. மூன்றாம் கொட்டடி இணைப்பை உடனே வெட்டச் சொன்னார். கைதிகள் கையில் திரை சிக்கினால் வெளிவாசல்வரை திறந்துவிடுவார்களாம். இணைப்பு போனால் கதவுகள் பூட்டியபடி நின்றுவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட காவலர்களைப் பற்றி அந்த மகராசன் மூச்சு விடவில்லை.

"சார், என் தம்பி உள்ள இருக்கான்."

அவர் கன்னத்தில் விட்ட அறையில் நாற்காலியோடு சாய்ந்தாள். முடியைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்.

"வெட்டுறியா, கைய உடைக்கட்டுமா?"

இணைப்பை நிறுத்த இரண்டு உத்தரவுகள் உண்டு. ஒன்று, அந்த நொடியே எல்லாவற்றையும் அறுத்துப் போடும். மற்றது, புதிதாக யாரையும் சேர்க்காது. ஆனால் ஏற்கெனவே இணைப்புக்குள் இருப்பவர் தானாக வெளியேறும்வரை காத்திருக்கும். அக்கா இரண்டாவதைத் தட்டினாள். 'மூடப்படுகிறது' என்று திரை காட்டியதும் அவர் பிடி தளர்ந்தது. இணைப்புக்குள் இருந்தது தம்பி ஒருவன்தான். அவன்தான் ஜென்மத்துக்கும் வெளியேறாதவனாயிற்றே. அவனுடைய பொறுப்பில்லாத்தனத்தை முதல்முறையாக அவள் மனதுக்குள் கும்பிட்டாள்.

அடுத்த கணமே திரை மாறியது. உள்ளே யாரும் இல்லை; இணைப்பு மூடப்பட்டது.

அவளுக்குப் புரிந்துபோயிற்று. காவல் அறைக் கதவு உடையப் போகிறது, திரை கைதிகளிடம் சிக்கக்கூடாது என்று ஒழுங்காக வெளியேறியிருக்கிறான் பாவி. காவல் அறைக்குப் பின்னால் நடையின் கடைசியில் இருக்கும் பின்கதவின் பக்கத்திலும் ஒரு சின்னத் திரை உண்டு. அங்கே போய் மறுபடி நுழைந்துகொள்ளலாம் என்று நினைத்திருப்பான். இத்தனை வருஷமாக அவள் சொன்னதை இன்றைக்குத்தானா கேட்க வேண்டும்?

பின்கதவுத் திரையிலிருந்து தம்பியின் அடையாள எண்ணோடு கோரிக்கை வந்தது. மறுக்கப்பட்டது. மறுபடி வந்தது. மறுக்கப்பட்டது. மூன்றாவது தடவை அடையாள எண்ணையே தப்பாக அடித்திருந்தான்.

இணைப்பைத் திரும்பத் தொடங்க அவள் கையை நீட்டினாள். லத்தி விரல்கள் மேல் இறங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம் அவளுக்கே கேட்டது. சுவரோரம் இருந்த தீயணைப்பு உருளையை இரண்டு கையாலும் அள்ளி அவர் முகத்தில் அடித்தாள். விழுந்தவர் எழப் பார்த்தார். மறுபடி அடித்தாள். அப்புறம் அவர் எழவில்லை.

உருப்படியாக இருந்த இடது கையால் உத்தரவைத் தட்டினாள். ரவுட்டர் சாவகாசமாக விழித்துக்கொண்டது. 'இணைப்பு தயார்.'

"கேளுடா," என்று திரையிடம் கெஞ்சினாள். "இன்னொரு தடவை கேளுடா."

இணைப்பு திறந்தே கிடந்தது. கோரிக்கை எதுவும் வரவில்லை.