பூட்டோடு வந்த நோயாளி

கும்மிடிப்பூண்டியில் கார்க்கதவு செய்யும் தொழிற்சாலையில், வெல்டிங் ரோபோ ஒன்றைக் குப்புராஜ் மேய்த்துவந்தார். சாதுவான ஜந்து அல்ல அது. ஒருமுறை சூப்பர்வைசரின் டிபன் கேரியரையும் கதவோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டது. அந்தக் கார் இன்றும் ஆந்திராவில் எங்கேயோ வத்தக்குழம்பு வாசனையோடு ஓடுகிறது. ஆகவே அங்கே ஒரு சட்டம்: ரோபோவின் வேலிக்குள் போகிறவர் மெயின் சுவிட்சை அணைத்து, வேறு யாரும் போட்டுவிடாதபடி அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டிச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2009-இல் குப்புராஜின் மலக்குடலில் கட்டி வந்தது. சென்னையில் டாக்டர் பரீதா, ரோபோ வைத்து அறுத்து எடுக்கலாம் என்றார். குப்புராஜ் பூட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“இத்த மாட்டாம அதுங்கிட்ட வயித்தக் காட்டமாட்டேன், டாக்டரம்மா.”

“யோவ், உசுரு போய்க்கினு கீது, பூட்டு சாவின்னுக்கினு!” மனைவி சின்னப்பொண்ணு தலையில் அடித்துக்கொண்டாள்.

பரீதா சிரிக்கவில்லை. “அது தானா எதுவும் பண்ணாதுங்க. நான் உக்காந்து ஆட்டினாத்தான் ஆடும். அதோட கை உங்க வயித்துக்குள்ள இருக்கறப்ப பூட்டிட்டா, அப்படியே வெறச்சு நிக்கும். அப்புறம் உங்கள எப்படிக் காப்பாத்தறது?”

குப்புராஜுக்கு உறைத்தது. காட்டிக்கொள்ளவில்லை. “இதுல எத்தினி பேருக்குப் பண்ணிக்கிறீங்க?”

“கையால நிறைய. இதுல கொஞ்சம் பேருக்குத்தான். நேரமும் கூட ஆகும். சின்ன ஓட்டை போட்டாப் போதும், உள்ள நல்லாத் தெரியும், நடுங்காது. ஆனா கையவிட ஒசத்தின்னு இன்னும் யாரும் நிரூபிக்கல.”

“அப்ப ஒண்ணு ஆச்சுன்னா அத்த நிறுத்தி, கழட்டி, தள்ளணும். அத நான் முழிச்சிக்கினு கீறப்பவே காட்டுங்க.”

ஆபரேஷன் அன்று மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் படுக்கவே மறுத்தார். நர்ஸ் பல்லைக் கடித்தாள். பரீதா குரல் கொடுத்ததும் ரோபோவின் கைகளைத் தூக்கி வண்டியைப் பின்னுக்கு இழுத்தார்கள்.

“சொம்மா தள்றீங்க. இன்னொரு தபா!”

மறுபடி இழுத்தார்கள். இந்த முறை வண்டி கோயம்பேடு வரை போய்த் திரும்பியது. அப்புறம்தான் குப்புராஜ் படுத்தார்.

கண் விழித்தபோது வயிற்றில் நீளமாகக் கட்டுப் போட்டிருந்தது.

“நிறுத்திட்டேன்,” என்றார் பரீதா. “கட்டி பக்கத்துல ஒட்டியிருந்தது, ரத்தம் வந்தது. ரோபோவத் தள்ளிட்டுக் கையாலயே எடுத்தேன். முழுசா வந்துடுச்சு.”

“சின்ன ஓட்டைதான்னாங்களே, இம்மா நீளம் கீதே!” என்று சின்னப்பொண்ணு அழுதாள்.

“கம்முனு இரு. உசுரோட கீறேன் இல்ல?”

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், குப்புராஜ் வேலியருகே நின்று சட்டையைத் தூக்கி ரோபோவுக்குத் தழும்பைக் காட்டினார்.

“பாத்துக்க. உன் பங்காளிய வெளிய தொரத்திட்டுத்தான் என்னத் தெச்சாங்க.”

அன்று முழுக்க அது ஒரு வெல்டுகூடத் தப்பாக வைக்கவில்லை.