ஐந்துக்கு ஒருவர்

விளாங்குடியில் பஸ் நிற்க வேண்டாமென்று நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு பேர் சொல்லிவிட்டார்களாம். பஸ் கம்பெனி வாசலில் அச்சடித்தே ஒட்டியிருந்தார்கள். படித்த அற்புதமேரிக்கு உச்சந்தலைவரை சூடேறியது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு அவள் விளாங்குடியிலிருந்து கிளம்ப ஏழேகால் ஆகிவிடும். அவள் பாடம் சொல்லும் மிஷன் பள்ளிக்கூடம் மதுரைக்குள், நான்கு மைல் நடை. எட்டரைக்கு முதல் மணி. இன்னொரு நாள் தாமதித்தால் வேலை போய்விடும் என்று தலைமையாசிரியை முகத்துக்கு நேரே சொல்லியாயிற்று. திண்டுக்கல்லிலிருந்து வரும் பஸ்ஸோ, பரவைச் சந்தையில் பாதிப் பேரை இறக்கிவிட்டு, காலி சீட்டுகளோடு அவள்மேல் புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும்.

நேரே மானேஜர் நல்லகாமனிடம் போய், யாரையெல்லாம் கேட்டீர்கள் என்றாள். பஸ்ஸில் வந்த நூறு பேரைக் கண்டக்டர் கேட்டார் என்று அவர் பெருமையாகச் சொன்னார். அற்புதமேரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

“விளாங்குடியில நிக்காத வண்டிக்குள்ள விளாங்குடிக்காரன் எப்படிய்யா இருப்பான்? ஏறுனவுகளக் கேட்டீங்க. ஏற வழியில்லாதவுகள யாரு கேட்டா?”

மானேஜர் கெட்டவரல்ல; காகிதத்தில் நம்பர் வந்துவிட்டால் அதை வேதமாக எடுத்துக்கொள்ளும் ரகம். அப்படியானால் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று நீங்களே சொல்லுங்கள், ஒருநாள் நிறுத்திப் பார்க்கிறேன், ஒருத்தர் குறைந்தாலும் பேச்சு முடிந்தது என்றார்.

பள்ளி விடுமுறை வந்தது வசதியாய்ப் போயிற்று. அண்ணன் தனிஸ்லாஸ், பூசை முடிந்து வருகிற நம்ம சனங்களைக் கோயில் வாசலிலேயே கேட்டால் நூற்றுக்கு நூறு கிடைக்குமே என்றான். அதுவும் கண்டக்டர் செய்த அதே பித்தலாட்டம்தான் என்று அவள் ஒதுக்கிவிட்டாள். மூன்று நாள் காலையில் ரோட்டோரம் நின்றார்கள். மதுரைப் பக்கம் நடக்கிறவர்களை அண்ணன் எண்ண வேண்டியது. ஐந்தாவதாக வருகிறவர் யாரானாலும் அவரை அவள் கேட்க வேண்டியது.

ஒருமுறை ஐந்தாவதாக வந்தவர் விருமாண்டி. ஊரில் அவர் வாயில் விழாத ஆளில்லை. தனிஸ்லாஸ் மெல்ல, அடுத்த ஆளைக் கேட்போமே என்றான்.

“அஞ்சாவது ஆளு அவருதாண்ணே. நமக்குத் தோதான ஆளாப் பொறுக்கி எடுத்தா அப்பறம் இது என்ன கணக்கு?”

காசும் கொடுத்துக் குலுங்கிக்கொண்டும் போக எனக்கென்ன கிறுக்கா என்று விருமாண்டி எரிந்து விழுந்தார். வேண்டாம் என்பதற்குக் கணக்காக ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் போட்டுவிட்டு அவள் சந்தோஷமாக அடுத்த ஐந்துக்குக் காத்திருந்தாள்.

மூன்று நாளில் நடந்தவர்கள் இருநூறு பேர். கேட்ட நாற்பது பேரில் ஒன்பது பேர் ஓரணா கொடுத்து ஏறுவதாகச் சொன்னார்கள். அப்படியானால் ஒரு காலைக்குப் பதினைந்து பேர் தேறும். முகத்துக்காகச் சொன்னவர்களும் இருப்பார்கள் என்று மூன்றைக் கழித்து, மானேஜரிடம் பன்னிரண்டு என்றாள். பஸ் நிற்கும் நாளை அண்ணனும் தங்கையும் ஊரெல்லாம் சொல்லி வைத்தார்கள்.

பள்ளி திறக்கும் திங்கட்கிழமை. பஸ் வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரோட்டில் நின்றவர்கள் ஏழே பேர். அவள் ரோட்டின் இரண்டு பக்கமும் எட்டி எட்டிப் பார்த்தாள். பஸ் தலை தெரிந்ததும் சந்துபொந்தெல்லாம் ஆள் முளைத்தது. மூச்சிரைக்க மில்காரர்கள் ஓடிவந்தார்கள். காய் விற்கும் ஒச்சம்மாள் கத்தரிக்காய்க் கூடையோடு வந்தாள். மானேஜரே முன்சீட்டில் உட்கார்ந்து எண்ணினார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. அற்புதமேரிக்குக் கூத்தாட வேண்டும்போல் இருந்தது. பதின்மூன்றாவது ஆளையும் கைதூக்கி ஏற்றிவிட்டு அவள் படியில் கால் வைத்தாள்.

கண்டக்டர் கையை நீட்டி மறித்தார். சீட் தீர்ந்துவிட்டதாம். நாற்பது பேரைக் கேட்டவள் தன்னைக் கணக்கில் சேர்க்கவே மறந்துபோனாள். மணி எட்டு. இனி நடந்தால் வேலை போனதுதான். நேரே முன்சீட்டு ஜன்னலுக்குப் போனாள்.

“நீங்க எறங்குங்கய்யா. வண்டியில வாரவுகளத்தான் இம்புட்டு நாளாக் கேட்டீங்க. நடக்குறவுகள இன்னைக்குக் கூடவே நடந்து கேளுங்க.”

பஸ் முழுக்க ஒரே சிரிப்பு. மானேஜர் அவளைப் பார்த்தார், நிறைந்திருந்த சீட்டுகளைப் பார்த்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். பஸ் கிளம்பியபோது அவள் திரும்பிப் பார்த்தாள். புழுதி அடங்காத ரோட்டில் அவர் விருமாண்டியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்.