செய்து காட்டினார்

ஆலோசனைப் படிவங்கள் இருக்கும் ஃபைலை எடுத்துக்கொண்டு மூன்றாம் மாடி வார்டுக்கு வரச்சொல்லி, பயிற்சிக்கு வந்த எங்களைக் கவனிக்கும் மேடம் போன் செய்தபோது, நான் மருந்தகத்தின் பின்னறையில் வார்டிலிருந்து திரும்பி வந்த ஊசிமருந்துகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "பதினேழாம் பெட். ஸ்கூல் வேன் ஓட்டுறவர். மூணு வாரம் முன்னாடி உன்கிட்டதான் வந்திருக்காரு. கேப்சூலை எல்லாம் முழுங்கியிருக்காரு" என்றார். முப்பத்தொன்று வரை எண்ணியிருந்தேன். அதற்கு மேல் எண் வரவில்லை.

அந்தக் கேப்சூல் முழுங்குவதற்கானது அல்ல. கூடவே ஒரு சின்னப் பிளாஸ்டிக் கருவி தருவோம். அதில் கேப்சூலைப் போட்டுத் திருகினால் உடையும். வாயில் வைத்து பலமாக உள்ளே இழுத்தால் பவுடர் நெஞ்சுக்குள் போகும். முழுங்கினால் வயிற்றுக்குப் போகும், மூச்சுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிஷம் ஆகும். நோயாளி நம் கண்முன்னே ஒரு தடவை செய்து காட்டவேண்டும். பிறகு படிவத்தில் 'செய்து காட்டினார்' என்ற கட்டத்தில் டிக் போட்டுக் கையெழுத்து வாங்கவேண்டும். இப்படி ஐம்பது படிவம் சேர்ந்தால்தான் எங்களுக்குப் பயிற்சிச் சான்றிதழ். அவருடையது நாற்பத்தெட்டாவது.

அன்றைக்கு மணி இரண்டே முக்கால். பசி காதை அடைத்தது. அவர் வேன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே, "டாக்டர்ம்மா, சீக்கிரம் விட்டுடுங்க, பசங்க வெயில்ல நிப்பாங்க" என்றார். நான் டாக்டர் இல்லை என்று திருத்தவில்லை, கேட்க நன்றாகத்தான் இருந்தது. "இங்க ஒரு கையெழுத்து போடுங்க சார். உள்ளயே பேப்பர் இருக்கு, வீட்ல படிச்சுக்கங்க" என்றேன். அவர் போட்டார், போனார். டிக்கை நான் கேன்டீனில் உட்கார்ந்து, சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு வந்து போட்டேன். அவருக்கும்தானே அவசரம் என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஒட்டமாட்டேன் என்கிறது.

வார்டில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்து ஸ்டூலில் அவர் மனைவி. அன்று காலை பதினொரு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மீதிப் பேரை ஏற்றப் போனவர், மூச்சு முட்டி, வேனை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கில் கவிழ்ந்துவிட்டாராம். பிள்ளைகளில் பெரியவள்தான் அவர் போனை எடுத்து வீட்டுக்குச் சொல்லியிருக்கிறாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

"அந்தக் கருவி என்ன சார் ஆச்சு?" என்று மேடம் கேட்டார்.

"அந்தப் பீப்பீயா? மருந்துக்கு ஓசியா குடுத்ததுன்னு நெனச்சேன். முன்சீட்டுப் பையன்கிட்ட குடுத்துட்டேன், ஊதிக்கிட்டே வருவான்."

பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

மேடம் ஃபைலைத் திறந்து காட்டினார். அவர் கெட்டவர் இல்லை, என்னை நம்பினார், அவ்வளவுதான். "பாருங்க சார், பொண்ணு சொல்லிக் குடுத்திருக்கா. நீங்க செஞ்சும் காட்டியிருக்கீங்க. இது உங்க கையெழுத்துதானே?"

அவர் காகிதத்தைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "என் கையெழுத்துதான். ஆனா சொன்ன மாதிரியே ஞாபகம் இல்லையே..." பிறகு என்னைப் பார்த்தார். "பாவம், நீ தொண்டைத் தண்ணி வத்தச் சொல்லியிருப்ப. என் மண்டையிலதான் நிக்கல. மன்னிச்சுக்கம்மா."

அப்போது நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்தேன். "பரவால்ல சார்" என்றேன். பரவாயில்லையாம்! எனக்கு!

அவர் மனைவி அழவில்லை. மேடத்திடம் தாழ்ந்த குரலில், "இவங்க அப்பாவுக்கும் இப்படித்தாங்க ஆரம்பிச்சுது. மொதல்ல மருந்து, அப்புறம் வீட்டுக்கு வர்ற வழி, கடைசில எங்க பேரு" என்றாள். எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த சட்டையின் பையிலிருந்து வேன் சாவியை எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டாள். "திங்கக்கெழமையில இருந்து வேற ஆளு ஓட்டட்டும். மறந்துபோற மனுஷன நம்பி யாரு புள்ளைய ஏத்துவா?" அவர் பையின் ஜிப் மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஓட்டுகிறாராம்.

உண்மையைச் சொன்னால் மேடம் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். மற்ற நாற்பத்தொன்பதையும் சந்தேகிப்பார். ஆறு மாசப் பயிற்சியும் பாழ். வீட்டில் அம்மா, 'என் பொண்ணு டாக்டருக்கே மருந்து சொல்றவ' என்று பக்கத்து வீடு, எதிர்வீடு ஒன்றுவிடாமல் பீற்றிவைத்திருக்கிறாள். அவள் முகத்தை நினைத்தேன். பிறகு எவ்வளவு தள்ளினாலும் அந்த ஜிப் மூடும் சத்தம்தான் வந்தது.

மறுநாள் காலை, அவருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க என்னையே அனுப்பினார்கள். திரைக்கு இந்தப் பக்கம் நின்றபோது அவர் குரல் கேட்டது.

"பச்சை கேட்டு, ரெட்டைப் புள்ளைங்க, ஏழு பத்து. தண்ணித்தொட்டி முனை, பல்லு விழுந்தவன், ஏழு பதினாலு. லாண்டரிக்கடை மாடி, அழுதுக்கிட்டே எறங்குவா, ஏழு இருபது..."

பத்தொன்பது பிள்ளைகளையும் சொன்னார். எங்கேயும் தடுக்கவில்லை. முடித்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். தன்னைத் தானே பரீட்சை வைத்துப் பார்க்கிறார் என்று புரிந்தபோது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

சொல்லிக்கொடுத்தேன். ஒரே தடவைதான். கேப்சூலைப் போட்டார், திருகினார், மூச்சை வெளியே விட்டுவிட்டு வாயில் வைத்து இழுத்தார், மனசுக்குள் பத்து எண்ணினார். நான் பார்த்தவர்களில் முதல் தடவையே இவ்வளவு சுத்தமாகச் செய்தவர் யாருமில்லை. "சரியாம்மா?" என்றார் பயந்தபடி. தலையாட்டினேன்.

தலையணைக்கடியிலிருந்து புது நோட்டு ஒன்றை எடுத்தார். "வீட்ல வாங்கிக் குடுத்தா. இனிமே எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கணுமாம். நீயே உன் கையால எழுதிடும்மா, உன் எழுத்து அழகா இருக்கும்." நான் ஒவ்வொரு வரியாக எழுதினேன். கேப்சூலை முழுங்கக்கூடாது. கருவியில் போடவேண்டும். திருகவேண்டும். "கீழ, மொதத் தடவை நீ சொல்லிக் குடுத்த தேதியும் போட்டுடு. மறந்துட்டேன்னு எனக்கே தெரியணும் பாரு" என்றார் சிரித்துக்கொண்டே.

தேதியை எழுதினேன். பேனா அங்கேயே நின்றது. பக்கத்தில் யாரோ இருமினார்கள், டிராலி ஒன்று போனது. அப்புறம் எழுதினேன். 'அன்று நான் இவருக்கு எதுவும் சொல்லித்தரவில்லை. செய்து காட்டச் சொல்லவும் இல்லை. கையெழுத்து மட்டும் வாங்கினேன்.' அடியில் என் பெயரைப் போட்டேன், பதிவு எண்ணையும் போட்டேன்.

அவர் நோட்டை வாங்கித் தள்ளிப் பிடித்தார், கிட்டே பிடித்தார். கண்ணாடி வேனிலேயே இருக்கிறதாம். அவர் மனைவி ஃபிளாஸ்கில் வெந்நீரோடு உள்ளே வந்தாள், தோளில் அந்தக் கைப்பை.

"இந்தா, படி. சத்தமா படி, மனப்பாடம் பண்ணிக்கிறேன்."

அவள் ஃபிளாஸ்கைக் கீழே வைத்துவிட்டு நோட்டை மடியில் விரித்தாள். எழுத்துக்கூட்டி மெதுவாகப் படிக்கிறவள். ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை வைத்துக்கொண்டாள். கேப்சூலை முழுங்கக்கூடாது, என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, முழுங்கக்கூடாது, என்றார். கருவியில் போடவேண்டும். போடவேண்டும். விரல் அடுத்த வரிக்கு இறங்கியது.